கழுத்தில் தொங்கிய மொழி

உலகில் பிரெஞ்சு பேசுவோர் ஏறத்தாழ 32 கோடிப் பேர் என்று பிரெஞ்சு மொழி நாடுகளின் சர்வதேச அமைப்பு 2022-இல் கணக்கிட்டது. அம்மொழியை அன்றாடம் பயன்படுத்துவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள். கனடாவின் கியூபெக், பெல்ஜியத்தின் தென்பகுதி, சுவிட்சர்லாந்தின் மேற்குப் பகுதி, ஹைட்டி, செனகல், காங்கோ, மடகாஸ்கர் என விரியும் இந்த வரைபடத்தைப் பார்க்கையில், பிரான்ஸ் தன் மக்களின் தாய்மொழியைக் கடல் கடந்து கொண்டுசென்றது என்ற எளிய சித்திரம் நம் மனதில் எழுகிறது. அச்சித்திரத்தில் ஒரு பிழை இருக்கிறது. கப்பலேறிய காலத்தில் பிரெஞ்சு, பிரான்ஸிலேயே பெரும்பான்மையோரின் தாய்மொழியாக இருக்கவில்லை.

1539-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா பிறப்பித்த ஆணை, நீதிமன்ற ஆவணங்களிலிருந்து லத்தீனை அகற்றிப் பிரெஞ்சை அமர்த்தியது. ஆனால் பிரெத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் முதலிய மொழிகளைப் பேசிய குடியானவனுக்கு ஓர் அந்நிய மொழி போய் இன்னொன்று வந்தது, அவ்வளவுதான். இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, புரட்சியின் நடுவே, கிரெகுவார் என்ற பாதிரியார் நாடெங்கும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பி மக்களின் பேச்சுமொழிகளை ஆராய்ந்தார். 1794-இல் அவர் தேசிய மன்றத்தின்முன் வைத்த அறிக்கை திகைக்க வைப்பது. குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது; அதே அளவினரால் அதில் தொடர்ந்து உரையாட இயலாது; அதைச் செம்மையாகப் பேசுவோர் 30 லட்சத்தைத் தாண்டமாட்டார்கள். அன்றைய மக்கள்தொகையோ இரண்டரைக் கோடிக்கும் மேல்.

அவர் முன்வைத்த தீர்வு, வட்டார மொழிகளை ஒழித்துவிடுவது. கிரெகுவார் கொடியவர் அல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கறுப்பின அடிமைகளுக்காகவும் யூதர்களின் குடியுரிமைக்காகவும் அயராது வாதாடியவர் அவர். அடிமைமுறையை ஒழிக்கும் தீர்மானம் அதே மன்றத்தில் அதே 1794-இல்தான் நிறைவேறியது. மனிதர்கள் சமமாக வேண்டும், ஆகவே அவர்கள் ஒரே மொழி பேச வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நல்லெண்ணத்தில் பிறந்த இந்தத் தர்க்கம்தான் பின்னாளில் நெடுந்தூரம் பயணித்தது.

அதைக் கிராமங்களுக்குள் கொண்டுசென்றது பள்ளிக்கூடம். 1881, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் இலவசக் கட்டாயக் கல்வியை நிறுவினார் ஜூல் ஃபெரி. பிரெத்தாங் பகுதிப் பள்ளிகளில், தாய்மொழியில் பேசி அகப்பட்ட சிறுவனின் கழுத்தில் ஒரு மரக்காலணியையோ மரத்துண்டையோ தொங்கவிடுவார்கள். அதற்கு 'அடையாளம்' என்று பொருள்படும் ஒரு பெயரும் உண்டு. தன்னைப்போலத் தாய்மொழியில் பேசும் இன்னொருவனைப் பிடித்துக்கொடுத்தால் அது அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. தண்டனையைவிடக் கொடியது, நண்பனை ஒற்றனாக்கிய அந்த ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே ஜூல் ஃபெரிதான் துனிசியாவிலும் வியட்நாமின் வடபகுதியிலும் காலனி விரிவாக்கத்தை முன்னின்று நடத்தியவர். ஆகவே பள்ளியும் பேரரசும் ஒரே கையால் வளர்க்கப்பட்டவை. அந்த 'அடையாளம்' அதே பெயருடன் மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கும் சென்று சேர்ந்தது. ஐவரி கோஸ்ட்டின் பெர்னார் தாதியே 1956-இல் வெளியிட்ட 'கிளிம்பியே' நாவலில் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

அத்தகைய பள்ளிகளில் படித்தெழுந்த தலைமுறை அம்மொழியை என்ன செய்தது என்பதே நம்மைப் போன்ற வாசகர்களுக்கு முக்கியமான கேள்வி. செனகலின் முதல் குடியரசுத் தலைவரான கவிஞர் செங்கோர் அதை முழுமனதுடன் ஏற்றார். 1983-இல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கரும் ஆனார். அதே நாட்டின் செம்பென் உஸ்மான் வேறு வழியில் நடந்தார். மார்செய் துறைமுகத்தில் கூலியாக உழைத்தவர். 1947-இல் தொடங்கிய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பிரெஞ்சில் அரியதொரு நாவல் எழுதியவர். ஆனால் தாம் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் அதைப் படிக்க இயலாது என்பதை உணர்ந்து சினிமாவுக்கு வந்தார். 1968-இல் வெளிவந்த அவருடைய 'மந்தாபி' வோலோஃப் மொழியில் பேசியது. பின்னாளில் பூபக்கார் போரிஸ் தியோப், பிரெஞ்சில் பல நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற பிறகு, 2003-இல் வோலோஃபில் ஒரு நாவலை வெளியிட்டார்.

1970 மார்ச் 20 அன்று, நைஜர் நாட்டின் தலைநகர் நியாமேயில்தான் பிரெஞ்சு மொழி நாடுகளின் கூட்டமைப்புக்கு அடித்தளம் இடப்பட்டது. 2025 மார்ச்சில் அதே நைஜர், மாலி, புர்க்கினா ஃபாசோவுடன் சேர்ந்து அவ்வமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மாலியின் 2023-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் பிரெஞ்சை ஆட்சிமொழித் தகுதியிலிருந்து இறக்கி, அலுவல் மொழியாக மட்டும் வைத்தது. இவை ராணுவ ஆட்சிகளின் முடிவுகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மேலிருந்து வந்த ஆணையால் நுழைந்த மொழி, மேலிருந்து வந்த ஆணையாலேயே இறக்கப்படுகிறது. இரண்டு முறையும் அந்தக் குடியானவனை யாரும் கேட்கவில்லை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1921-இல் கோன்கூர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் ரெனே மாரான். சரியாக நூறாண்டுகள் கழித்து, 2021-இல், செனகலில் பிறந்த முகமது எம்புகார் சார் அதே பரிசைப் பெற்றார். மறுபுறம், பிரான்ஸ் 1999-இல் கையெழுத்திட்ட ஐரோப்பிய வட்டார மொழிகள் சாசனம் இன்றுவரை அந்நாட்டால் உறுதிசெய்யப்படவில்லை. ஆப்பிரிக்காவில் வோலோஃபில் நாவல்கள் எழுதப்படுகின்றன. பிரெத்தோன் பேசுவோரோ பெரும்பாலும் முதியவர்கள். மரத்துண்டு முதலில் தொங்கிய கழுத்துகளில்தான் அதன் வேலை ஏறக்குறைய முழுமையாக முடிந்திருக்கிறது.