டிப்ளோடோகஸ் எப்படி நடந்தது? ஒரு நூற்றாண்டுச் சண்டை

ஒரு பிராணி செத்துப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. கையில் இருப்பது எலும்பு மட்டும்தான். அது எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல முடியுமா? முடியும். ஆனால் எலும்பை மட்டும் வைத்துப் பேசினால் ஆளுக்கொரு பதில் வரும். அப்படி வந்த ஒரு சண்டைதான் இது.

1899ல் அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் ஒரு பிரம்மாண்டமான டைனோசர் எலும்புக்கூடு கிடைத்தது. தோண்டுவதற்குப் பணம் கொடுத்தவர் எஃகுத் தொழில் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னெகி. 1901ல் ஹாட்சர் என்ற ஆய்வாளர் அவர் பெயரையே சேர்த்து 'டிப்ளோடோகஸ் கார்னெகியை' என்று பெயர் வைத்தார். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட் தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட, பிளாஸ்டரில் நகல் செய்து 1905ல் லண்டனுக்கு அனுப்பினார் கார்னெகி. 1908ல் பெர்லினுக்கும் பாரிசுக்கும் நகல்கள் போயின. எல்லாவற்றிலும் கால்கள் யானைக்கால் மாதிரி உடம்புக்கு நேர் கீழே நின்றன.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. 1908ல் ஆலிவர் ஹே என்ற அமெரிக்க ஆய்வாளர், "இது ஊர்வன இனம். முதலை மாதிரி கால்களைப் பக்கவாட்டில் பரப்பித்தான் நடந்திருக்கும்" என்ற பொருளில் எழுதினார். அடுத்த ஆண்டே பெர்லினில் குஸ்டாவ் டோர்னியர் அதையே இன்னும் பலமாகச் சொன்னார். பரிசு போய்ச் சேர்ந்த ஊரிலேயே 'பொருத்தியது தப்பு' என்று குரல் எழுந்தால் கார்னெகி ஆட்கள் சும்மா இருப்பார்களா?

கார்னெகி அருங்காட்சியக இயக்குநர் வில்லியம் ஹாலண்டு 1910ல் பதிலடி கொடுத்தார். டோர்னியர் சொல்கிறபடி காலைப் பரப்பினால் மூட்டு எலும்புகள் குழியை விட்டே கழன்றுவிடும் என்று காட்டினார். அதோடு விலா எலும்புகள் கால்களைவிடக் கீழே தொங்கும். அப்படியானால் அந்தப் பிராணி வயிற்றை நுழைக்கப் பள்ளம் தேடித் தேடித்தான் நடந்திருக்க வேண்டும் என்று கிண்டலும் செய்தார்!

இதில் ஒரு எளிய இயக்கவியல் இருக்கிறது. நேராக நிற்கும்போது உடம்பின் எடை எலும்பு வழியாகத் தரையில் இறங்குகிறது. தண்டால் எடுக்கும்போது பாதியில் நின்று பாருங்கள், எடை முழுவதும் தசையில் விழும். ஒரு நிமிடம் தாங்குவதே கஷ்டம். பல டன் எடையுள்ள பிராணி வாழ்நாள் முழுக்க அப்படி நிற்க முடியுமா?

வாதம் பலமானதுதான். ஆனால் இறந்துபோன பிராணி நடந்ததை யார் பார்த்தார்கள்? அதற்கும் ஒரு சாட்சி கிடைத்தது.

1938ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரோலண்டு பேர்டு, டெக்சாஸ் மாநிலத்தின் கிளென் ரோஸ் ஊருக்குப் போனார். 'ராட்சத மனிதக் கால்தடம்' என்று சில கற்கள் விற்கப்படுவதைக் கேள்விப்பட்டுத்தான் போனார். அவை பஞ்ச காலத்தில் பிழைப்புக்காகச் செதுக்கி விற்ற போலிகள். ஆனால் அங்கே பாலக்ஸி ஆற்றுப் படுகையில் நிஜமான புதையல் காத்திருந்தது. நீண்ட கழுத்துடைய டைனோசரின் தடங்கள், பின்கால் தடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கெஜ நீளம்!

இடது, வலது தடங்கள் முதலை நடையில் விழுவதுபோல் வெகுதூரம் விலகி விழவில்லை. முதலை மாதிரி நடந்திருந்தால் பாதை மிக அகலமாக இருந்திருக்க வேண்டும். இது டிப்ளோடோகஸின் தடம் அல்ல, சில கோடி ஆண்டுகள் பிந்திய உறவினருடையது. ஆனாலும் அந்த இனத்தின் நடை எப்படி என்பது சேற்றிலேயே பதிவாகியிருந்தது. இதைப் பார்க்க ஹேயும் ஹாலண்டும் உயிரோடு இல்லை. ஹே 1930லும் ஹாலண்டு 1932லும் இறந்துவிட்டார்கள்.

1976ல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர் இன்னொரு படி மேலே போனார். தடத்தை வைத்து வேகத்தையே கணக்கிட்டார். ஒரே நீளமுள்ள எட்டைக் குழந்தை ஓடித்தான் வைக்க முடியும், அப்பாவுக்கு அது சாதாரண நடை. ஆகவே எட்டின் நீளத்தைக் கால் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். இடுப்பு உயரம் பாதத்தைப்போல் சுமார் 4 மடங்கு என்று வைத்துக்கொண்டார். நீண்ட கழுத்து டைனோசர்களுக்குக் கிடைத்த விடை விநாடிக்குச் சுமார் 1 மீட்டர். மனிதனின் நிதான நடைதான்! (சேற்றில் பிராணிகள் பொதுவாக அவசரமாக ஓடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.)

வால் விஷயத்திலும் தடங்கள்தான் உதவின. டைனோசர் தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோடு அபூர்வம். எனவே வால் அந்தரத்தில் இருந்திருக்க வேண்டும். தரையில் கிடந்த லண்டன் டிப்ளோடோகஸின் வாலை 1993ல் தூக்கி வைத்தார்கள். 1905ல் திறந்துவைத்த நகலில் 88 ஆண்டுகள் கழித்து ஒரு திருத்தம்!

எலும்பு ஒரு பிராணியால் என்ன முடியும் என்று சொல்கிறது. அது நிஜமாக என்ன செய்தது என்பதைக் கால்தடம்தான் சொல்கிறது. வவுச்சர் இல்லாத கணக்கை ஆடிட்டர் ஏற்க மாட்டார். ஹாலண்டு எழுதிய கணக்கு சரியானதுதான், ஆனால் அதற்கு வவுச்சர் வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின.