விலைக்கு இணைப்பு: தேடுபொறித் தரவரிசை வணிகத்தின் வரலாறு

கூகுள் போன்ற தேடுபொறிகளின் முடிவுப் பட்டியலில் ஓர் இணையதளத்தை மேலே ஏற்றுவதற்காக, பிற தளங்களிலிருந்து அதற்கு வரும் இணைப்புகளைக் காசு கொடுத்துப் பெறுவதே இணைப்பு வாங்குதல். பிற தளத்திலிருந்து வரும் இணைப்பைத் தொழிலில் இருப்பவர்கள் ‘பேக்லிங்க்’ என்பார்கள். விளம்பர இடம் வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல. விளம்பரம் வாசகரின் கண்ணுக்காக வைக்கப்படுகிறது. விலைக்கு வாங்கிய இணைப்போ தேடுபொறியின் கணக்குக்காக வைக்கப்படுகிறது. அதை ஒருவரும் சொடுக்காமல் போனாலும் வாங்கியவருக்கு நட்டமில்லை. தேடுபொறியின் தானியங்கி நிரல் ஒருமுறை வந்து படித்துவிட்டுப் போனால் போதும்.

பெருநிறுவனங்களும் பெருநகரங்களும் சம்பந்தப்பட்ட வணிகமாகவே இது பேசப்படுகிறது. ஆனால் கள்ளக்குறிச்சி போல, கல்வராயன் மலை போல, இணையத்தில் குறைவாக எழுதப்பட்ட இடங்களில்தான் இதன் விளைவு கடுமையாக இருக்கும்.

கணக்கு பிறந்த விதம்

ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி அதன் தாக்கத்தை அளக்கும் முறை இணையத்துக்கு மூத்தது. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்க வேண்டும் என்று சீர்காழிக்காரரான எஸ். ஆர். அரங்கநாதன் 1948-லேயே சொல்லியிருந்தார். கார்ஃபீல்டு அவரைப் போற்றி எழுதியிருக்கிறார்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் இந்தப் பழைய யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு மேற்கோள். கொடுக்கும் பக்கம் எவ்வளவு மதிப்புடையதோ அவ்வளவு மதிப்பு அந்த மேற்கோளுக்கும் உண்டு. அந்த மதிப்பு, அப்பக்கத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளுக்கெல்லாம் பகிர்ந்தளிக்கப்படும். இதுவே பேஜ்ரேங்க். 1998 ஜனவரியில் இதை விளக்கி வந்த ஆய்வறிக்கையில் பேராசிரியர்கள் ராஜீவ் மோத்வானி, டெர்ரி வினோகிராட் ஆகியோரின் பெயர்களும் இருந்தன.

இணைப்பு வணிகத்தின் வரலாற்றை எழுத வருபவர் அந்த அறிக்கையில் நின்று படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வணிக நோக்கமுடையவர்கள் இந்த முறையை வளைக்க முடியுமா என்ற கேள்வியை ஆசிரியர்களே எழுப்பிக்கொண்டார்கள். கிட்டத்தட்ட முடியாது என்பது அவர்களின் பதில். மிஞ்சிப்போனால் முக்கியமான தளங்களில் இணைப்புகளை விளம்பரமாக வாங்கலாம்; அதற்குப் பணம் செலவாகும் என்பதால் அதுவும் கட்டுக்குள் இருக்கும் என்று எழுதினார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் கவிழ்ந்தது இந்த நம்பிக்கைதான். பணம் செலவாகும் என்பது யாரையும் தடுக்கவில்லை. பணம் உள்ளவர் மேலே, இல்லாதவர் கீழே என்று வரிசை மாறியது, அவ்வளவே.

பச்சைப் பட்டை

எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது கூகுளுக்கு மட்டும் தெரிந்திருந்தவரை சந்தைக்கு வழியில்லை. 2000 டிசம்பரில் வந்த கூகுள் டூல்பார், பார்க்கும் பக்கத்தின் பேஜ்ரேங்கைச் சுழியம் முதல் பத்து வரை ஒரு பச்சைப் பட்டையாகக் காட்டியது. அதுவே விலைப்பட்டியல் ஆகிவிட்டது. ஏழு உள்ள தளத்தில் இணைப்பு இவ்வளவு, ஐந்து என்றால் இவ்வளவு என்று பேரம் தொடங்கியது.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருந்த சர்ச்கிங் நிறுவனம் 2002-இல் இதற்கென்றே ஒரு தரகு வலையமைப்பைத் தொடங்கியது. கூகுள் அதன் பேஜ்ரேங்கைக் குறைத்தது. சர்ச்கிங் வழக்குப் போட்டது. தரவரிசை என்பது கூகுளின் கருத்து, கருத்துரிமைப் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று சொல்லி 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. இணைப்பு விற்பவரைத் தண்டிக்கும் அதிகாரம் தேடுபொறிக்கு உறுதியானது. தேடுபொறியின் வரிசையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பது எவ்வளவு கடினம் என்பதும் கூடவே தெரிந்தது.

2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற குறியை ஏற்றன. இக்குறி உள்ள இணைப்பு மதிப்பைக் கடத்தாது என்பதே அன்றைய விதி. கருத்துப் பெட்டிகளில் குவிந்த குப்பையைத் தடுக்க வந்த இந்தக் குறியைக் காசுக்குக் கொடுத்த இணைப்புகளிலும் போட வேண்டும் என்று கூகுள் பின்னர் கேட்டது. குறி இல்லாத இணைப்பைச் சந்தையில் ‘டூஃபாலோ’ என்பார்கள். இன்றும் அங்கே முதல் கேள்வி, ‘டூஃபாலோவா, நோஃபாலோவா?’ என்பதுதான்.

பிடிபட்டவர்கள்

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடைநிறுவனத்தைப் பற்றி விரிவாக எழுதியது. உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்காக அந்த நிறுவனமே முதலில் வந்துகொண்டிருந்தது. காரணம் தேடியபோது, உடைக்கும் விரிப்புக்கும் தொடர்பே இல்லாத, பல காலமாகக் கேட்பாரற்றுக் கிடந்த ஏராளமான தளங்களிலிருந்து இணைப்புகள் வந்திருந்தன. கூகுள் கைவைத்ததும் சில சொற்களுக்கு முதலிடத்தில் இருந்த பக்கம் ஒரே மாலையில் எழுபதாவது இடத்தையொட்டி விழுந்தது. இணைப்புகளைத் தனக்குத் தெரிந்து யாரும் வாங்கவில்லை என்றது நிறுவனம்.

கூகுளும் இதற்கு விலக்கல்ல. அதன் ஜப்பானியப் பிரிவு பணம் கொடுத்து எழுதவைத்ததற்காக 2009-இலும், குரோம் உலாவியின் பக்கம் அதே போன்ற காரணத்துக்காக 2012-இலும் தண்டிக்கப்பட்டன. தன் வீட்டையும் அதே விதியால் அளந்தது பாராட்டத்தக்கது.

2012 ஏப்ரல் 24-இல் கூகுளின் தேடல் கணக்கில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதம் இதனால் மாறும் என்று கூகுள் சொன்னது. அதுவரை, பிடிபட்ட சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, வாங்கிய இணைப்பு பலன் தராமல் போகலாம் என்பதே அச்சம். பெங்குவினுக்குப் பிறகு அதுவே தளத்தைக் கீழே இழுத்துவிடும் என்ற நிலை. இதிலிருந்து இன்னொரு கொடுமையும் பிறந்தது: போட்டியாளரின் தளத்துக்கு மோசமான இணைப்புகளை வேண்டுமென்றே வாங்கிக் கொடுப்பது. வேண்டாத இணைப்புகளை ‘இவை என்னுடையவை அல்ல’ என்று கைகழுவ அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கருவி தரப்பட்டது. 2016 செப்டம்பருக்குப் பிறகு பெங்குவின், மோசமான இணைப்புக்குத் தண்டனை தருவதைவிட அதைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதையே வழியாகக் கொண்டது. பச்சைப் பட்டையும் அந்த ஆண்டு மறைந்தது. அதற்குள் மாஸ் நிறுவனத்தின் டிஏ, ஏஹ்ரெஃப்ஸ் நிறுவனத்தின் டிஆர் போன்ற தனியார் மதிப்பெண்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. இவற்றுக்கும் கூகுளின் கணக்குக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பேரம் இவற்றை வைத்தே நடக்கிறது.

இந்தியாவில்

இணைப்புக் கணக்கை வளைக்க முடியும் என்ற சிக்கலைத் தொடக்கத்திலேயே கண்டவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ண பரத். ஜார்ஜ் மிஹைலாவுடன் அவர் உருவாக்கிய ஹில்டாப் முறை, ஒன்றோடொன்று உறவில்லாத துறைசார் பக்கங்கள் தரும் இணைப்புகளையே சான்றாக எடுத்துக்கொண்டது. ஒரே கைக்குள் இருக்கும் பல தளங்களின் சான்றைப் பலரின் சான்றாக எண்ணக்கூடாது என்பது அதன் அடிப்படை.

மறுபக்கம், இணைப்பு சேர்க்கும் கைவேலை பெருமளவில் இந்தியாவுக்கு வந்தது. முதலில் தள அடைவுகளில் முகவரி பதிவது, பிறகு கருத்துப் பெட்டிகளில் எழுதுவது, அதன்பிறகு ‘கெஸ்ட் போஸ்ட்’ எனும் விருந்தினர் கட்டுரை. பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து நடுவில் ஓர் இணைப்பைச் செருகுவதும் நடக்கிறது. காலாவதியான தளப்பெயரை வாங்கி, அதன் பழைய நற்பெயரை வேறொன்றுக்குத் திருப்பிவிடுவது எல்லாவற்றிலும் வருத்தமானது. யாரோ ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த நம்பிக்கை, தளப்பெயருக்கு ஓர் ஆண்டுச் சந்தா கட்டத் தவறியதும் சூதாட்டத் தளத்தின் முதலாகிவிடுகிறது. 2024 மார்ச்சில்தான் கூகுள் இதைத் தன் விதிகளில் பெயரிட்டுத் தடுத்தது.

சூதாட்டத்துக்கு இந்தச் சந்தையில் தனி இடம் உண்டு. வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாத தொழிலுக்குத் தேடல் வரிசையே முதன்மை வாசல். இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. காசு கொடுத்து நேராக வாங்க முடியாத அரசுத் தளங்களில் சூதாட்டத் தளங்களுக்காக வேலை செய்பவர்கள் திருட்டுத்தனமாக நுழைகிறார்கள். இந்திய அரசுத் துறைகளின் தளங்களில் பந்தயத் தளங்களுக்கு ஆள் அனுப்பும் பக்கங்கள் செருகப்பட்டிருந்தது 2024-இல் செய்தியானது. அரசுத் தளம் தரும் இணைப்புக்கு இருக்கும் மதிப்பே அதற்கு ஆபத்தாகிவிட்டது.

தேடல் பக்கத்தில் இடம் வாங்குவது பற்றிய முக்கியமான இந்திய வழக்கு ஒன்று சென்னையில் நடந்தது. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் வணிகப்பெயர்களைப் போட்டியாளர்கள் விளம்பரக் குறிச்சொற்களாக வாங்க கூகுள் அனுமதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சொற்கள் தொழிலை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்பதைக் கருதி, 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். அதே நிறுவனமும் நுகர்வோர் அமைப்பான கட்ஸும் கொடுத்த புகாரில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கிய இணைப்புகள் பற்றி இவ்வழக்குகள் பேசவில்லை. வரிசையில் முன்னால் நிற்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை நம் நீதிமன்றத்தின், ஆணையத்தின் பதிவுக்குக் கொண்டுவந்தவை இவையே. செய்திபோல வேடமிட்ட விளம்பரத்தை நுகர்வோரை ஏமாற்றும் வழிகளில் ஒன்றாக ஒன்றிய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் சேர்த்திருக்கின்றன. காசுக்கு எழுதி அதை மறைக்கும் கட்டுரைகளை இதன்கீழ் கொண்டுவர முடியும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்குமுன் திருக்கோவிலூர், சங்கராபுரம், கல்வராயன் மலை பற்றி இணையத்தில் வந்தவை பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டம் என்று எழுதப்பட்டவை. பழைய இணைப்புகள் பழைய மாவட்டத்தைச் சுட்டிநிற்க, புதிய மாவட்டம் தன் சான்றுகளை முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் வாங்கிய இணைப்பு முழு பலத்தோடு வேலை செய்கிறது. சென்னையில் ஓட்டல் தேடினால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒன்றையொன்று முட்டிநிற்கும். அங்கே சில இணைப்புகள் கரைந்துபோகும். கல்வராயன் மலையில் தங்குமிடம், மேகம் அருவிக்கு வழி, மலைத்தேன் என்று தேடினால் போட்டி குறைவு. ஒரு கைப்பிடி இணைப்பு வாங்கியவர் முதலில் வந்துவிடலாம். வெள்ளிமலைக்கு வந்தே இராத ஒருவர் எழுதிய பக்கம், மலையாளிப் பழங்குடி மக்களின் குழு ஒன்று எழுதும் பக்கத்துக்கு முன்னால் நிற்க முடியும். பெருமழை நாட்களில் அருவிப்பாதை மூடப்படும் மலையில் தவறான பக்கம் முதலில் வருவது ஏதோ வியாபாரப் பிரச்சினை மட்டுமல்ல.

மரச்சிற்பம் இன்னும் தெளிவான உதாரணம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் கோயில் தேர்ச் சிற்பங்கள், வாகனங்கள், தெய்வ உருவங்கள், கதவுகள் செதுக்கும் தொழில் வேரூன்றியிருக்கிறது. அரசின் கைவினைப்பொருள் நிறுவனமான பூம்புகாரின் மரச்சிற்ப உற்பத்தி நிலையமும் இங்கே உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, வேறிடத்தில் செதுக்கியதைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்க முடியாது. அந்தப் பெயரைத் தேடுபவர் முன் யார் முதலில் நிற்பது என்பதில் அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. இயந்திரத்தில் கடைந்த பொருளை விற்கும் தளம், சிற்பி குடும்பத்தின் தளத்துக்கு மேலே காசுக்கு ஏறி நின்றால், அந்தப் பொருளைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று காட்டாதவரை, அச்சட்டத்தின்கீழ் சிற்பி முறையிட இடமில்லை. நூற்றுக்கணக்கான மணிநேர உழைப்பு ஒரு வாகனத்துக்குள் போகிறது. அந்த உழைப்பைக் காண வாய்ப்பே இல்லாமல் வாங்குபவர் திரும்பிவிடுவது அநியாயம்.

இதற்குப் பதிலாகச் சிற்பியும் இணைப்பு வாங்க வேண்டும் என்று சொல்லும் தரகர்களின் பேச்சை ஏற்கக்கூடாது. பிடிபட்டால் ஜேசி பென்னி போன்ற பெரிய கடைநிறுவனம் சில மாதங்களில் எழுந்துவிடும். ஒரே ஒரு தளத்தை நம்பிய பட்டறை எழாது. இங்குள்ளவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கக்கூடிய, விலைக்கு வராத இணைப்புகள் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகத்தின் தளம், பூம்புகாரின் தளம், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பக்கங்கள் ஆகியவை அவை. பதிவு பெற்ற பயன்பாட்டாளர்களின் பெயரையும் தள முகவரியையும் மாவட்டத் தளத்தின் கைவினைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். மலைப்பகுதிக் கூட்டுறவுகளுக்கும் அதே போல ஒரு பக்கம் வேண்டும். இதற்குத் திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும். அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவைப்படாத வேலை இது.