முயலகனும் ஜாக்கியும்: ஒரு நேர்கோட்டின் வரலாறு

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை ஒன்று இருக்கிறது. இந்திய அரசின் அன்பளிப்பு. 2004 ஜூன் 18இல் திறந்துவைக்கப்பட்டது. துகள் இயற்பியல் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் பலரும் இந்தச் சிலையைச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். 'அணுவின் நடனம் அன்றே நமக்குத் தெரியும்' என்கிற சொல்லாடலுக்கு இது நல்ல சாட்சியாகப் போய்விட்டது. ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இந்தியாவிலிருந்து அதே ஆய்வுக்கூடத்துக்கு இன்னொரு பொருளும் போனது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது ஜாக்கி. லாரி டயர் கழற்றும்போது அடியில் வைக்கிறோமே, அந்த வகையறாதான். சுமார் 7,000 ஜாக்கிகள்.

இந்த ஜாக்கி எதற்கு என்பதைச் சொல்ல, துகள் முடுக்கியில் நேர்கோடு என்பது எவ்வளவு பாடுபட்டு உண்டாக்கப்பட்ட ஒன்று என்கிற வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

நேர்கோட்டு முடுக்கி என்பது நீண்ட வெற்றிடக் குழாய். அதற்குள் மின்னேற்றமுள்ள துகள்களை மின்புலத்தால் கட்டம் கட்டமாகத் தள்ளி வேகமேற்றுகிறார்கள். துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். போதாததற்கு, முன்னே தள்ளுகிற மின்புலமே பக்கவாட்டிலும் சிதறடிக்கும். 1947இல் பெர்க்லியில் ஆல்வாரெஸ் குழு கட்டிய புரோட்டான் முடுக்கியில் இதற்குக் கம்பி வலைகளை வைத்தார்கள். வலையே துகள்களில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

தீர்வு 1952இல் புரூக்ஹேவனிலிருந்து வந்தது. கூரண்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் மூவரும் எழுதிய கட்டுரை அது. அதே ஆண்டில் பிளூவெட் இதை நேர்கோட்டு முடுக்கிக்கும் பொருத்திக் காட்டினார். நான்கு துருவமுள்ள காந்தம் கற்றையை ஒரு திசையில் குவிக்கும், மறு திசையில் விரிக்கும். அடுத்த காந்தத்தை மாற்றி வைத்தால் அது நேர் எதிராகச் செய்யும். இப்படி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனால் மொத்தத்தில் கற்றை குவிந்துவிடுகிறது. ஆனால் இதை முதலில் கண்டவர் ஏதென்ஸில் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்த கிறிஸ்டோஃபிலோஸ். தானாகவே படித்து, 1950இல் காப்புரிமைக்கும் விண்ணப்பித்துவிட்டார். அமெரிக்கக் கட்டுரையை அவர் பார்த்துவிட்டுப் போய்க் கேட்ட பிறகுதான் அவருடைய முன்னுரிமை ஏற்கப்பட்டது. நிறுவனத்துக்கு வெளியே இருப்பவனின் அறிவு, அவனே போய்க் கதவைத் தட்டும்வரை அறிவாகக் கணக்கில் வருவதில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இந்தக் காந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. நட்டநடுவில் புலம் பூஜ்யம். நடுவைவிட்டு விலக விலகப் புலம் கூடிக்கொண்டே போகும். ஆகவே காந்தம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாலும் கற்றைக்கு ஓர் உதை விழும். நூறு காந்தத்தில் நூறு சின்ன உதைகள் சேர்ந்தால் கற்றை குழாய்ச் சுவரில் போய் மோதும்.

எங்க ஊர்ப் பக்கம் கொத்தனாருங்க டியூபில் தண்ணி பிடிச்சு மட்டம் பார்ப்பாங்க. வீட்டுக்கு அது போதும். ஸ்டான்ஃபோர்டில் 1966இல் இயங்கத் தொடங்கிய 3.2 கிலோமீட்டர் முடுக்கிக்குப் போதாது. தண்ணீர் பூமியின் வளைவோடு போகும். நேர்கோடு நடுவில் மட்டத்தைத் தொட்டால் இரு முனைகளிலும் சுமார் 20 சென்டிமீட்டர் மேலே நிற்கும். அதனால் முடுக்கியைத் தாங்குகிற 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாயிலிருந்தே காற்றை உறிஞ்சிவிட்டு, உள்ளே லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். தாங்கிதோறும் ஒரு ஃப்ரெனெல் தகடு. எந்தத் தாங்கியைச் சோதிக்க வேண்டுமோ அந்தத் தகட்டை மட்டும் நிமிர்த்தி, மறுமுனையில் ஒளிப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் திருகிச் சரிசெய்தார்கள். பின்னாளில் கற்றையே அளவுகோலாயிற்று: ஒரு காந்தத்தின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் அப்பால் கற்றை அசைகிறதா என்று பார்ப்பது. அசைந்தால் கற்றை அந்தக் காந்தத்தின் நடுவில் போகவில்லை என்று அர்த்தம்.

செர்னின் பெரிய முடுக்கி 27 கிலோமீட்டர் வளையம். நேர்கோடு அல்லதான். ஆனால் துகள்கள் புறப்படுவது ஒரு நேர்கோட்டு முடுக்கியில். காந்தத்தை நேர்படுத்தும் பாடும் ஒன்றேதான். வளைக்கும் காந்தங்கள் 1,232. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன். குவிக்கும் முதன்மைக் காந்தங்கள் 392. ஒவ்வொன்றும் மூன்று ஜாக்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 35 டன்னை 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடிப் பருமன் அளவுக்கு நகர்த்தி நிறுத்துவது இந்த ஜாக்கியின் வேலை. வடிவமைப்பில் இந்தூரின் மேம்பட்ட தொழில்நுட்ப மையம் (2005இலிருந்து ராஜா ராமண்ணா மையம்) பங்கேற்றது. செய்து கொடுத்தவை பெங்களூரு அவசரளா ஆட்டோமேஷனும் இந்தூர் இந்தோ-ஜெர்மன் டூல் ரூமும். 1996 ஒப்பந்தப்படி இந்தியா தந்த பொருட்களின் மதிப்பில் ஒரு பகுதி தனி நிதியாக ஒதுக்கப்பட்டு, இந்திய விஞ்ஞானிகள் செர்னில் பங்கேற்கச் செலவிடப்பட்டது. பட்டறையில் இரும்பு கடைந்தவர்களின் உழைப்புதான் ஆய்வாளர்களின் விமானச் சீட்டாகவும் ஆனது.

2008 செப்டம்பர் 19இல் இரண்டு காந்தங்களுக்கு இடையே ஒரு மின் இணைப்பு சரியில்லாமல் போய், ஹீலியம் வெடித்துக் கிளம்பியது. டன் கணக்கான காந்தங்கள் தாங்கிகளைவிட்டே பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே தூக்கிவர வேண்டியதாயிற்று. ஓராண்டுக்கு மேல் இயந்திரம் முடங்கிக் கிடந்தது. கோட்பாட்டில் குறை ஒன்றுமில்லை. ஓர் இணைப்பு சரியாகப் பற்றவைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

திருப்புலிவனத்துக் கோயில் கதையும் ஒருவகையில் கால் பற்றிய கதைதான். வண்டு தொடாத பூவைப் பொழுது விடியுமுன் பறிக்க வேண்டும், மரத்தில் வழுக்கக் கூடாது என்று புலிக்கால் கேட்டு வாங்கிய வியாக்கிரபாதர் வழிபட்ட தலம் என்பார்கள். அவர்தான் தில்லையில் கூத்தைக் கண்டவரும். நமது வாசிப்புகள் கூத்தைக் கண்டதை மட்டும் வைத்துக்கொண்டு, வழுக்காத காலை விட்டுவிட்டன. பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டும் (919, 921) இப்படித்தான் வாசிக்கப்படுகிறது. குடவோலையை ஜனநாயகம் என்கிறோம். கால் வேலி நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள் போகாது என்கிற வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நடராசரின் காலுக்குக் கீழே முயலகன் கிடக்கிறான். அவனை அறியாமை என்று விளக்குவது மரபு. முடுக்கிக்குக் கீழே கிடப்பதோ 50 மைக்ரான் அறிவு. ஜாக்கிக்கும் மாலை போடச் சொல்வதல்ல என் நோக்கம். புனிதத்தை இடம் மாற்றி வைப்பதால் எதுவும் மாறப்போவதில்லை. எங்க பக்கத்துப் பசங்க கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய் மைக்ரான் கணக்கில் வேலை செய்துவிட்டு வருகிறார்கள். பல பேர் ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் கையில் இருக்கிற அளவையறிவு எங்கே, யாரால், எந்த மொழியில் எழுதப்படுகிறது? தமிழில் அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். சிலை எங்கும் போய்விடாது.