சிறிய காருக்கான ட்ரெய்லர் ஹிட்ச்: தரை இடைவெளி

ட்ரெய்லரையோ சைக்கிள் தாங்கியையோ மாட்டுவதற்காகக் காரின் பின்புற அடிச்சட்டத்தில் முடுக்கப்படும் எஃகு அமைப்பே ட்ரெய்லர் ஹிட்ச். அமெரிக்காவில் சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் முதல் வகுப்பு ஹிட்ச்தான் கிடைக்கிறது. அதன் சதுரத் துளை ஒன்றேகால் அங்குலம். இழுக்கக்கூடிய ட்ரெய்லரின் எடை 2,000 பவுண்டு (907 கிலோ) வரை. இணைப்பின்மேல் அழுந்தும் சுமை 200 பவுண்டு (91 கிலோ) வரை. வாங்குபவர்கள் இந்த எண்களை ஒப்பிட்டே முடிவெடுக்கிறார்கள். தாழ்வான காருக்கு இது போதாது. ஹிட்சின் குறுக்குக் குழாய் பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கிறதா, அதற்கடியில் தொங்குகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் எளிய வடிவக்கணக்கு. வேகத்தடையிலும் வீட்டு வாசல் சரிவிலும் இடிப்பது காரின் நடுப்பகுதி மட்டுமல்ல. பின்சக்கரத்தைத் தாண்டி நீளும் வால்பகுதியும் இடிக்கும். சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 75 செ.மீ. பின்னால், 25 செ.மீ. உயரத்தில் காரின் அடிவிளிம்பு இருந்தால், வெளியேறு கோணம், அதாவது சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்த விளிம்புக்கு எழும் கோணம், சுமார் 18 பாகை. அங்கே 5 செ.மீ. கீழிறங்கிய ஹிட்சை மாட்டினால் அது 15 ஆகிவிடும். சுமையேற்றியதும் வால்பகுதி இன்னொரு 5 செ.மீ. தாழ்ந்தால் 11 பாகைதான் மிஞ்சும். சுமை பின்சக்கரத்துக்கு அப்பால் நெம்புகோல்போல் அழுத்துவதால் இந்தத் தாழ்வு தவிர்க்க முடியாதது. எனவே வெறும் காரை நிறுத்தி அளந்த இடைவெளியை நம்பக்கூடாது. குழாயை மட்டும் அளப்பதும் தவறு: பாதுகாப்புச் சங்கிலி மாட்டும் வளையங்களும் மின் இணைப்பின் தாங்கியும் பல ஹிட்சுகளில் குழாய்க்கும் கீழே நிற்கின்றன.

பம்பருக்குள் மறையும் ஹிட்சுக்கு விலை கூடுதல், பம்பரைக் கழற்ற வேண்டும், சில கார்களில் பிளாஸ்டிக் உறையை வெட்டவும் வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஒருநாள் வேலை. தாழ்ந்த குழாயோ ட்ரெய்லர் இல்லாத நாட்களிலும் காரோடு கூடவே வரும். எஃகு உரசினால் என்ன என்ற கேள்விக்கும் இடமில்லை. உரசிய இடத்தில் பூச்சு போய்த் துரு பிடிக்கும். பலமான இடி, ஹிட்ச் முடுக்கப்பட்ட மெல்லிய தகட்டுக்கும் போய்ச்சேரும்.

குழாயை மேலே மறைப்பதால் துளை உயர்ந்தால் ட்ரெய்லர் முன்பக்கம் தூக்கி நிற்குமே என்பது இவற்றைவிட வலுவான மறுப்பு. ட்ரெய்லர் தரைக்கு இணையாக ஓடுவது அவசியமே. அதற்குத்தான், ட்ரெய்லரை மாட்டும் பந்தைச் சுமந்து துளையில் செருகப்படும் கீழ்வளைந்த பந்துத் தாங்கி இருக்கிறது. இழுக்கும்போது செருகி, முடிந்ததும் உருவிவிடலாம். ஐரோப்பிய நடைமுறையும் இதற்குச் சான்று. அங்கே 50 மி.மீ. பந்தின் மையம், சுமையேற்றிய நிலையில் தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பல கார்களில் குறுக்குச்சட்டம் பம்பருக்குள்ளேயே அடங்கிவிட, பந்தைத் தாங்கும் வளைந்த கழுத்து மட்டும் கழற்றக்கூடியதாக வருகிறது.

பெரிய இரண்டு அங்குலத் துளை கொண்ட ஹிட்ச் சிறிய காருக்கு வேண்டியதில்லை. குழாய் தடித்து இடைவெளி குறையும்; காரின் இழுவைத்திறன் ஒரு கிலோகூடக் கூடாது. பின்புற ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்தால் தாழ்வு குறையும் என்பது சரி, அனுமதிக்கப்பட்ட சுமை மட்டும் மாறாது. அந்த வரம்பு காரின் கையேட்டில் இருக்கிறது. ட்ரெய்லர் இழுக்கவே கூடாது என்று கையேடு சொன்னால், எவ்வளவு உயரமாகப் பொருத்திய ஹிட்சும் சைக்கிள் தாங்கிக்கு மட்டுமே உரியது; அதற்கும் ஹிட்ச், கார் இரண்டின் செங்குத்துச் சுமை வரம்புகளில் குறைந்ததையே கொள்ள வேண்டும்.