கொலையும் ஒறுத்தலும்

ஆங்கிலத்தில் ‘எக்சிகியூஷன்’ என்றொரு சொல் உண்டு. இறுதிவரை பின்தொடர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்தது அது. பத்திரத்தை ஒப்பமிட்டு முடிப்பதும் நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுவதும் அச்சொல்லுள் அடங்கும். தீர்ப்பின் நிறைவேற்றத்தைக் குறித்த அச்சொல், நாளடைவில், தீர்ப்புக்குள்ளானவனைக் கொல்லுதலையும் குறிக்கலாயிற்று. ‘மர்டர்’ என்பதோ சட்டத்திற்குப் புறம்பான கொலைக்கே உரியது. முன்னதில் ஆணை தெரிகின்றது. கொன்ற கை மறைந்துவிடுகின்றது.

இவ்வேறுபாடு அகராதியோடு நின்றுவிடவில்லை. 1948 ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பெக்கோக் அமைந்துள்ள வட ஜொகூர் அதன் கடுமையை நன்கறிந்த பகுதி. துப்பாக்கி வைத்திருத்தலே உயிர்த்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அக்குற்றத்தின்பேரில் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவர்பொருட்டுப் பரிந்து பேசியும் பயனில்லை. அரசு ஏட்டில் அது ஆணை நிறைவேற்றம். அதனைக் கொலையென்றே கூறியவரும் உளர். கட்டாய மரண தண்டனையை மலேசியா நீக்கியது 2023ஆம் ஆண்டில். நீதிபதி எண்ணிப் பார்க்கும் உரிமை அதன்பின்னரே மீண்டது.

தமிழில் இதற்கு நிகரான மறைப்புச் சொல் உண்டோ? கொல்லுதல், செகுத்தல், தடிதல், அடுதல் எனச் சொற்கள் பல உள. (அடுதல் சமைத்தலையும் குறிக்கும், அடுக்களை என்பது அவ்வழி வந்ததே.) ஆயினும் இவற்றுள் எதுவும் அரசனுக்கென ஒதுக்கப்பட்டதன்று. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் அரசன் செயலை ‘ஒறுத்தல்’ என்கின்றார். பயிர் காக்கக் களை எடுத்தலை அதற்கு உவமை கூறுகின்றார். பால்மரத் தோட்டங்களில் களையெடுத்து வாழ்ந்தோர்க்கு அவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. களை எதுவெனத் தெரியாதவன் கையில் கருவியைக் கொடுப்பாரில்லை. அடுத்த குறளே கொடுங்கோன்மையின் முதற் குறள். முறை தவறி நடக்கும் வேந்தன் கொலையைத் தொழிலாகக் கொண்டவரினும் கொடியவன் என்கின்றது அது. 550க்கும் 551க்கும் இடையே உள்ள தொலைவு ஓர் எண்தான்.

அந்த ஓரடியில் இடறியவன் சிலப்பதிகாரப் பாண்டியன். தேவியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் வழியில், ஆராயாமல், காவலர்க்கு ஆணையிட்டான். கோவலனைக் கண்ட காவலரோ இவன் கொல்லப்படத் தக்கவனல்லன் என்று தயங்கினர். ஐயம் அரண்மனையில் எழவில்லை, ஏவலாளரிடத்தில் எழுந்தது! பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டென்று நூல்நெறி பேசி அவ்வையத்தைக் கெடுத்தான். முடிவில் வாளை வீசியவன் கல்லாத குடியன் ஒருவன். ஆணையின் ‘நிறைவேற்றம்’ அவன் கையால் நிகழ்ந்தது.

இளங்கோவடிகள் அப்பகுதிக்குத் தண்டனைக் காதை என்று பெயரிடவில்லை. கொலைக்களக் காதை என்றே பெயரிட்டார். வழக்குரை காதையில் கண்ணகிமுன் மன்னன் தன் செயலுக்கு நியாயம் கூறுகின்றான்: கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலாகாது என்பது அவன் வாதம். அங்கே அவன் வாயில் வரும் சொல் ‘கோறல்’. அதுவும் கொல் என்னும் வேரினின்று பிறந்ததே. மறைந்துகொள்ள வேறு சொல்லை அவனுக்குப் புலவர் கொடுக்கவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது அவன் தன்னையே கள்வனென்று கூறினான். கள்வனுக்குத் தான் விதித்த முடிவு அரியணையிலேயே தனக்கு நேர்ந்தது.