வானத்துப் பேச்சு எங்கள் ஊருக்கு வந்த வழி

குமரி மாவட்டத்துப் புதுக்கடைக்காரர்களான எங்களுக்குக் கூட்டம் கேட்பது பழைய பழக்கம். 1954 ஆகஸ்ட் 11 அன்று, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், இங்கும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அரசியல் மேடைக்கும் சர்ச் கன்வென்ஷனுக்கும் கோயில் சொற்பொழிவுக்கும் பாய் விரித்து உட்கார்ந்த அதே ஜனம், பிறகு வானத்தைப் பற்றியும் கேட்கத் தொடங்கியது. அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தக் கதையை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

இந்தப் பக்கத்தில் ராக்கெட் பற்றிய முதல் பிரசங்கம் நிஜமாகவே ஒரு கோயிலில்தான் நடந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரை புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், விஞ்ஞானி விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவ அந்த இடத்தைக் கேட்டார். அங்கே மீனவக் குடிகளும் புனித மரிய மகதலேனா ஆலயமும் இருந்தன. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குச் சாராபாயை வரச் சொல்லி, சபையாரிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லிச் சம்மதம் கேட்டதாகவும், எல்லாரும் ஆமென் என்றதாகவும் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். வீட்டையும் கடவுளின் ஆலயத்தையும் விட்டுக்கொடுக்கப் போகிறவர்களிடம் முதலில் பேச வேண்டும் என்பது அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது.

1963 நவம்பர் 21 அன்று அந்தி நேரத்தில் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. வயல் வரப்பில் நின்று பார்த்த என் அப்பா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “மானத்தில ஆரோ மஞ்சள அரச்சுத் தேச்சது போல இருந்துது மக்களே.” அது என்ன என்று விளக்க அன்றைக்கு எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை.

போய்வந்த மனிதரின் வாயால் கேட்பது வேறு. 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடம் பறந்த யூரி ககாரின், அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். போன ஊரெல்லாம் ஜனம் திரண்டது. எங்கள் பக்கத்துக்கு அந்த அனுபவம் 1984இல் ரேடியோ வழியாகத்தான் கிடைத்தது. ஏப்ரல் 3 அன்று மாலிஷெவ், ஸ்த்ரெகலோவ் என்ற இரு சோவியத் வீரர்களுடன் இந்தியாவின் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் ஏறி, சல்யூட்-7 நிலையத்தில் தங்கி, 11ஆம் தேதி தரையிறங்கினார். மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டதும், அவர் இக்பாலின் பாட்டடி ஒன்றையே பதிலாகச் சொன்னதும் நாடறிந்த கதை. எங்கள் சாயாக்கடையில் பட்டாளத்திலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி அதற்குப் பொருள் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம்.

ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “சார், அங்க ஒண்ணுக்குப் போனா அது எங்க போவும்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எடையில்லாத இடத்தில் நீர் கீழே விழாது, காற்றால்தான் உறிஞ்ச வேண்டும் என்ற பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. உற்சாகம் சாயாக்கடையோடு முடிந்துபோயிற்று. அறிவியல் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

அதே 1984இல்தான் எங்கள் மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன் இஸ்ரோவில் சேர்ந்தார். 2025 ஜனவரியில் அதன் தலைவரானார். அவருக்கு முன்பே சரக்கல்விளை விவசாயி மகன் கே. சிவன் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். இருவரும் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு படித்தவர்கள். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டினால் இஸ்ரோவின் மகேந்திரகிரி மையம். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் ஊட்டப்படும் கிரையோஜெனிக் எஞ்சினை, மனிதரை ஏற்றிச் செல்லத் தகுந்ததா என்று அங்கேதான் எரித்துப் பார்த்தார்கள். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் வீரர்கள் ஏறப்போவது அந்த எஞ்சினை நம்பித்தான்.

அந்த வீரர்கள் நால்வரையும் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார்கள்: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15 அன்று திரும்பினார். அங்கே அவர் வெந்தயமும் பயறும் முளைக்க வைத்தார். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் விதைகளும் அந்தப் பயணத்தில் போய் வந்தன. உமா, ஜோதி நெல்லும் கனகமணிப் பயறும் அவற்றில் உண்டு. பயறு வேகவைத்துத் தின்னும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வானம் வர முடியாது.

இனி இவர்களில் ஒருவர் நம் பக்கத்துக் கல்லூரி மேடைக்கு வருவார். ஏற்பாடு செய்கிறவர்களிடம் எனக்குச் சொல்ல மூன்று விஷயம் உண்டு. பொன்னாடைகளைக் குறைத்துப் பாதி நேரத்தைப் பிள்ளைகளின் கேள்விக்கு விடுங்கள். பேச்சைத் தமிழில் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மகேந்திரகிரியில் எஞ்சின் சோதிக்கும் ஒரு டெக்னீஷியனையும் அதே மேடையில் உட்கார வையுங்கள். பறந்தவரைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டட்டும். பறக்க வைத்தவரிடம் வேலை கேட்டுப் படிக்கட்டும். இந்த மாவட்டத்திலிருந்து இஸ்ரோவுக்குப் போனவர்கள் இரண்டாவது வழியில் போனவர்கள்தான்.