தெளிவுக் கனவுப் பயிற்சி முறைகள்

தெளிவுக் கனவு என்பது, கனவு காணும் ஒருவர், தாம் காண்பது கனவே என்பதைக் கனவினுள்ளேயே உணர்ந்திருக்கும் நிலையைக் குறிக்கும். சிலரால் கனவின் போக்கை ஓரளவு மாற்றவும் இயலும். எனினும், கனவென்று உணர்தலே இதன் அடிப்படை. கனவைக் கட்டுப்படுத்துதல் அன்று. இது சிலருக்குத் தானாகவே நிகழ்கின்றது. பயிற்சியாலும் இதனைப் பெறலாம்.

வரலாறு

திபெத்திய பௌத்தத்தில் கனவு யோகம் பல நூற்றாண்டுகளாகப் பயிலப்பட்டு வருகின்றது. மேற்குலகில், இடச்சு உளநோய் மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஈடன் 1913 இல் வெளியிட்ட கட்டுரை வழியாக இச்சொல் பரவியது.

உறங்குபவர் உணர்வுடன் இருக்க முடியுமா என்னும் ஐயம் அறிவியலாளரிடையே நெடுங்காலம் நிலவியது. தெளிவான கனவுகள் மிகுந்து தோன்றும் விரைவு விழியசைவு உறக்கத்தில் உடற்தசைகள் பெரும்பாலும் செயலற்றிருக்கும். ஆனால் கண்ணை அசைக்கும் தசைகள் இயங்கும். இதனைப் பயன்படுத்தி, உறங்குபவர் ஒருவர் முன்னரே பேசிவைத்தபடி கண்களை இடம்வலமாக அசைத்துத் தந்த குறிகளை, 1975 இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் பதிவு செய்தார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்டீபன் லபெர்ஜ், இத்தகைய முடிவுகளை 1981 இல் வெளியிட்டார்.

முறைகள்

* கனவுக் குறிப்பேடு: விழித்தவுடன், அசையாமல் படுத்தபடியே கனவை நினைவுகூர்ந்து, பின்னர் எழுதி வைத்தல். இதனால் நினைவாற்றல் கூடும். அடிக்கடி வரும் கனவு அடையாளங்களும் புலப்படும்.
* மெய்ந்நிலைச் சோதனை: "இது கனவா?" எனப் பகலில் பலமுறை ஐயுற்றுச் சோதித்தல். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுக்க முயலலாம். ஒரு வரியைப் படித்துவிட்டு மீண்டும் படிக்கலாம். கனவில் பெரும்பாலும் மூச்சு தடைப்படாது, எழுத்துகள் மாறிவிடும்.
* இடைவிழிப்பு: ஏறத்தாழ 5 மணிநேரம் உறங்கியபின் எழுந்து, சற்று நேரம் விழித்திருந்து மீண்டும் உறங்குதல். விரைவு விழியசைவு உறக்கம் விடியலை நெருங்க நீள்வதால் இது பயனளிக்கின்றது.
* நினைவூட்டு முறை: லபெர்ஜ் வகுத்தது. மீண்டும் உறங்குமுன், "அடுத்த முறை கனவு காணும்போது அது கனவென்று நினைவுகொள்வேன்" என உறுதிகொண்டு, முன்பு கண்ட கனவில் அவ்வாறு உணர்வதாகக் கற்பனை செய்தல்.
* நேரடி நுழைவு: உடல் உறங்கும்போது உணர்வை இழக்காமல் கனவினுள் செல்லுதல். இதில் உறக்க முடக்கம் ஏற்படலாம். நாட்டு வழக்கில் "அமுக்குவான் பேய்" எனப்படும் இது அச்சமூட்டினாலும் சிறிது நேரத்தில் நீங்கிவிடும்.

பயன்திறன்

எம்முறையும் உறுதியான பலன் தருவதன்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், மெய்ந்நிலைச் சோதனை, இடைவிழிப்பு, நினைவூட்டு முறை ஆகிய மூன்றையும் ஒரு வாரம் இணைத்துச் செய்தோரின் வெற்றி வீதம் ஏறத்தாழ 17% ஆகும். நினைவூட்டு முறையை முடித்து 5 நிமிடங்களுக்குள் உறங்கியோரிடம் இது 46% ஆக உயர்ந்தது.

கவனிக்க வேண்டியவை

மீண்டும் மீண்டும் வரும் கொடுங்கனவுகளைத் தணிக்க இப்பயிற்சி சிலருக்கு உதவுகின்றது. ஆயினும், இடைவிழிப்பு உறக்கத்தைக் குலைக்கும்; எனவே தேர்வுக் காலத்திலும், மறுநாள் வண்டி ஓட்ட வேண்டியபோதும் தவிர்த்தல் நன்று. நனவையும் கனவையும் பிரித்தறிய இடர்ப்படும் உளநோய் உடையோர், மருத்துவரைக் கேளாமல் இதில் ஈடுபடலாகாது.